சோத்துக்கு என்ன பண்ணுவே?

போன மாசம் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு சித்தப்பாகிட்டே இருந்து போன். அரியலூர்ல மளிகைக் கடை வச்சிருக்கார். ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கி, கல்லாவை எண்ணி, ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுப் படுத்தார்னா காலையில நாலரைக்குத்தான் எழுந்திருப்பார். அவர் அந்த நேரத்துக்குக் கூப்பிடுறார்னா ஆஸ்பத்திரி சமாச்சாரமாத்தான் இருக்கும்னு எனக்கு அடிவயிறு கலங்கிப் போச்சு.

நல்லவேளை, அப்படி ஒண்ணுமில்லை.

"உன் தம்பி எஞ்சினியரிங் வேண்டாங்கிறான்ப்பா. படம் வரையுற காலேஜ்லதான் சேருவானாம். சோத்துக்கு என்னடா பண்ணுவேன்னு கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கிறான். நீ சொன்னா கேப்பான். கொஞ்சம் எடுத்துச் சொல்லு."

எங்க குடும்பத்துல எடுத்துச் சொல்ற வேலைக்கு நான்தான் ஆள். பி.ஈ. முடிச்சு, கேம்பஸ்லயே வேலை வாங்கி, ஆறு வருஷமா பொட்டி தட்டுறவன். "அண்ணனைப் பாரு" என்ற வசனத்தில் வருகிற அந்த அண்ணன். ஆனா சித்தப்பாவுக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கு. பிளஸ் டூ படிக்கும்போது பாதி வகுப்போட உயிரியல் ரெக்கார்டு நோட்டுக்கு நான்தான் படம் போட்டேன். ஒரு நோட்டுக்கு ஒரு செட் புரோட்டா கூலி. தவளையோட ஜீரண மண்டலத்தைக் கண்ணை மூடிட்டுப் போடுவேன். காலேஜ் சேர்ந்ததும் பென்சிலைக் கீழே வச்சவன், அப்புறம் எடுக்கவே இல்லை. யாரும் என்னைத் தடுக்கலை. சித்தப்பா கேட்ட அதே கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கிட்டேன், பதில் வரலை, விட்டுட்டேன். அவ்வளவுதான்.

அதனால தம்பிகிட்ட "வேண்டாம்டா"ன்னு சொல்ல வாய் வரலை. "போடா, போய் வரை"ன்னு சொல்லவும் தைரியம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை சென்னைக்கு வரச் சொல்லி, பைக்ல ஏத்திக்கிட்டு ஈசிஆர் ரோட்டில் இஞ்சம்பாக்கத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். மாமல்லபுரம் போகும்போது நீங்களும் கட்டாயம் அந்த வாசலைத் தாண்டியிருப்பீங்க. சோழமண்டலம் ஓவியர் கிராமம். நானும் பலமுறை தாண்டிப் போயிருக்கேன், உள்ளே போனது அன்னிக்குத்தான் முதல் தடவை.

அந்தக் கிராமத்தோட கதையை அதுக்கு முன்னாடி நாலஞ்சு நாளா தோண்டித் தோண்டிப் படிச்சிருந்தேன். தம்பிக்குச் சொன்னதை இங்கேயும் சொல்றேன். சித்தப்பா கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிஞ்சு உருப்படியா பதில் சொன்ன மனுஷர் ஒருத்தர் இந்தக் கதையில இருக்கார்.

*

கதை சென்னை ஓவியப் பள்ளியில் தொடங்குகிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ராணுவ சர்ஜன் தன் சொந்த முயற்சியில் ஆரம்பித்த பள்ளி அது. சில வருஷங்களில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இன்றைக்குப் பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரிதான் அது.

பேர்தான் ஓவியப் பள்ளி. ஆரம்ப காலத்தில் அங்கே நடந்ததில் முக்கால்வாசி தொழில் பயிற்சி. மண்பாண்டம், செதுக்கு வேலை, உலோக வேலை, மர வேலை என்று கையால் செய்து விற்கக்கூடிய எல்லாம். நம்ம எஞ்சினியர் மக்களுக்கு ஒரு உபரித் தகவல். நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு இருந்த அலுமினியப் பாத்திரம் பிறந்ததே இந்தப் பள்ளியில்தான். சென்னை எஞ்சினியரிங் காலேஜ் பேராசிரியர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் 1898-இல் இங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். அப்போ எஞ்சினியரிங் காலேஜ் சேப்பாக்கத்தில் இருந்தது, கிண்டிக்குப் போனது 1920-இல். ஆக, ஓவியத்துக்கும் எஞ்சினியரிங்குக்கும் ரொம்ப நாள் முன்னாடியே சம்பந்தம் பேசி முடிச்சாச்சு :-)

1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி என்ற வங்காளி இதற்குத் தலைமை ஏற்றார். மெரினாவில் உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீர்கள், அது இவர் செய்தது. 1959-இல் திறந்தார்கள். ஆள் சிற்பி, ஓவியர், போதாக்குறைக்கு மல்யுத்தமும் தெரியும். இவர் வந்த பிறகு பள்ளியின் முகம் மாறியது. கைத்தொழில் பின்னுக்குப் போய், ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. மாணவர்கள் 'நான் கலைஞன்' என்று நினைக்க ஆரம்பித்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. மண்பாண்டம் செய்யக் கற்றவனுக்கு சோறு எங்கிருந்து வரும் என்று தெரியும். ஓவியம் வரையக் கற்றவனுக்கு?

*

1936-இல் இந்தப் பள்ளிக்கு ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். பெயர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. பள்ளியில் சேரும்போது வயது 25. கூடப் படித்த பசங்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரி இருந்திருப்பார்.

இவ்வளவு லேட்டாக வரக் காரணம், அதுவரை அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். என்ன வேலை தெரியுமா? தந்தி இலாகா. 'கட்டு கடா'ன்னு தட்டினால் செய்தி ஆயிரம் மைல் தாண்டிப் போய் விழுகிற இலாகா. அன்றைக்கு அதுதான் ஐடி கம்பெனி. அரசாங்க உத்தியோகம், மாசம் பிறந்தால் சம்பளம். இத்தனைக்கும் சின்ன வயசிலிருந்தே நன்றாக வரைவார். கேரளத்துக் கால்வாய்களையும் தென்னந்தோப்பையும் பச்சைப் பசேலென்று வரைந்து, பதினேழு வயசிலேயே சென்னைக் கண்காட்சியில் வைத்தவர். ஆனால் குடும்பச் சூழ்நிலை. குடும்பத்துக்கு ஓர் ஆள் சம்பாதித்தே ஆக வேண்டும் என்ற நிலையில் பிரஷ்ஷை ஓரமாக வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

அப்புறம் 25 வயசில் அந்த வேலையை விட்டுவிட்டு ஓவியப் பள்ளியில் மாணவனாகப் போய் உட்கார்ந்தார். 1936-இல்! நம்ம ஆபிஸ்ல யாராவது பேப்பர் போட்டால்கூட இன்னொரு ஆஃபர் லெட்டரைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதானே போடுகிறோம்?

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் அது சினிமா. வேலையைத் தூக்கி எறிந்தார், ஜெயித்தார், சுபம். ஆனால் அவர் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேலையை விட்டது கிடையாது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் கழித்து அவர் செய்த ஒரு காரியம். அதுக்கு வர்றேன்.

படிப்பை முடித்த கையோடு 1941-இல் அதே பள்ளியில் ஆசிரியரானார். 1944-இல் நண்பர்கள், மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு முற்போக்கு ஓவியர்கள் சங்கம் ஆரம்பித்தார். பம்பாயில் சூஸா, ரஸா, உசேன் சேர்ந்து நடத்திய புகழ்பெற்ற முற்போக்குக் குழு 1947-இல்தான் பிறக்கிறது. நம்ம மதராஸ்காரங்க மூணு வருஷம் முன்னாடி. ஆனா எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் பம்பாய்தான் முதல் அத்தியாயம். சரி, விடுங்க, அது தனிப் புலம்பல்.

1954-இல் லண்டனிலும் பாரிஸிலும் பணிக்கரின் கண்காட்சிகள் நடந்தன. ஐரோப்பாவின் நவீன ஓவியங்களை நேரில் பார்த்துத் திரும்பியவருக்குள் ஒரு கேள்வி குடைய ஆரம்பித்தது. அவர்களைப் பார்த்து வரைந்தால் அது நகல். அஜந்தாவைப் பார்த்து வரைந்தாலும் நகல்தான். அப்போ நம்முடையது எது? இதற்கான விடையை அவர் 1963 வாக்கில் கண்டுபிடித்தார். 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசை. அந்தப் படங்களைப் பார்த்தால் மலையாள எழுத்து மாதிரி இருக்கும், படிக்க முடியாது. ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும், அல்ஜிப்ரா சமன்பாடு மாதிரி இருக்கும், நடுவில் ஒரு மீனோ பறவையோ எட்டிப் பார்க்கும். பழைய ஓலைச் சுவடியை யாரோ கணக்கு நோட்டோடு சேர்த்துத் தைத்த மாதிரி. அவருக்கு அப்போது வயது 52. தந்தி இலாகாவை விட்டு 27 வருஷம் கழித்துத்தான் தன் சொந்தக் கையெழுத்து அவருக்குக் கிடைத்தது. "ரெண்டு வருஷம் டைம் கொடு, வரலைன்னா திரும்பிடறேன்"னு பேரம் பேசுற ஆளுங்க கவனிக்க. நானும்தான்.

*

1957-இல் ராய் சௌத்ரி ஓய்வு பெற, பணிக்கர் அந்தப் பள்ளியின் தலைவரானார். இப்போ அவர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. வருஷா வருஷம் பசங்களைச் சேர்க்கிறார். ராப்பகலா வரைய வைக்கிறார். திறமையான பையன்கள். படிப்பு முடிந்து வெளியே போகிறார்கள். போய்?

சென்னையில் ஓவியம் வாங்குகிறவர்கள் சொற்பம். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் வேலை, கோடம்பாக்கத்தில் சினிமா வேலை, பேனர் வரைவது, துணிக்கு டிசைன் போடுவது. இவைதான் வழி. அந்த வேலைகளில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் காலையில் போய் இருட்டின பிறகு வீடு திரும்புகிறவனுக்கு சொந்தப் படம் வரையத் தெம்பு எங்கே இருக்கும்? அஞ்சு வருஷத்தில் பிரஷ் காய்ந்துவிடும். என்னோட பென்சிலைப் பத்தி மேலே சொன்னேனே, அதே கதை.

ஒரு வாத்தியாராகப் பணிக்கர் ரெண்டு சுலபமான வேலைகளில் ஒன்றைச் செய்திருக்கலாம். "கலைக்காக வாழுங்கள், பசியைப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று வீர வசனம் பேசி அனுப்பியிருக்கலாம். இல்லை, "ஏதாவது வேலையைப் பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரையுங்கள்" என்று யதார்த்தம் பேசியிருக்கலாம். அவர் ரெண்டையும் செய்யவில்லை. 'சோத்துக்கு என்ன?' என்பதை ஓர் ஓவியப் பிரச்சினை அளவுக்கு மதித்து உட்கார்ந்து யோசித்தார்.

பதில், பள்ளியின் பழைய சரித்திரத்திலேயே இருந்தது. கைத்தொழில்.

1960-களின் முதல் பாதியில் மாணவர்களையும் இளம் ஓவியர்களையும் கூட்டிப் பேசி, ஓவியர்களின் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். கணக்கு ரொம்ப எளிமை. ஓவியம் விற்கும் என்று எதிர்பார்க்காதே. அது விற்கும்போது விற்கட்டும். ஆனால் உன் கைக்கு வரையத் தெரியும், வண்ணம் தெரியும். அதே கையால் மக்கள் வாங்கக்கூடிய பொருளைச் செய். தினமும் கொஞ்ச நேரம் அதற்கு, மிச்ச நேரம் முழுக்க உன் ஓவியத்துக்கு. கைவினை அடுப்பைப் பார்த்துக்கொள்ளும். ஓவியத்தை யாருக்காகவும் வளைக்க வேண்டியதில்லை.

அவர்கள் முக்கியமாகக் கையில் எடுத்தது பாத்திக். தெரியாதவர்களுக்காக: துணியில் எந்த இடம் வெள்ளையாகவே இருக்க வேண்டுமோ அங்கே உருக்கிய மெழுகைத் தடவுவார்கள். பிறகு துணியைச் சாயத்தில் முக்கினால் மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்ததும் அடுத்த இடத்தில் மெழுகு, அடுத்த சாயம். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போக வேண்டும். கடைசியில் கொதிக்கிற தண்ணியில் போட்டு மெழுகை எடுத்தால் படம் வெளியே வரும். மெழுகு விரிசல் விட்ட இடங்களில் சாயம் நூல் நூலாகப் புகுந்து ஒரு வலை மாதிரி ஓடியிருக்கும். அதுதான் பாத்திக்கின் அழகே. நடுவில் தப்பு பண்ணினால் 'அன்டூ' கிடையாது. நம்ம மாதிரி ஆளுங்க பாதி நாளில் ஓடிருவோம்.

நல்ல ஓவியர்கள் செய்த பாத்திக் என்பதால் விற்றது. அந்த வருமானத்தோடு கைக்காசும் சேர்ந்தது. 1966-இல் இஞ்சம்பாக்கத்தில், கடலோரமாக, பத்து ஏக்கர் அளவில் நிலம் வாங்கினார்கள்.

*

1966 இஞ்சம்பாக்கத்தை இன்றைய ஈசிஆரை வைத்துக் கற்பனை செய்யாதீர்கள். இன்றைக்கு அது சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது, 2011-இல் சேர்த்தார்கள். அன்றைக்கு மணல், சவுக்கு, தூரத்தில் மீனவர் குடிசைகள். நகரத்திலிருந்து வந்து இங்கே குடியேறுவது என்றால் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்? சித்தப்பா ராத்திரி பத்தரைக்குப் போன் பண்ணின மாதிரி எத்தனை அப்பாக்கள் யார் யாருக்கெல்லாம் தந்தி அடித்தார்களோ.

முப்பது நாற்பது பேர் சேர்ந்து ஆரம்பித்த அந்தக் கிராமத்துக்கு சோழமண்டலம் என்று பெயர் வைத்தார்கள். வெள்ளைக்காரன் வாயில் கோரமண்டல் ஆகிப்போன இந்தக் கடற்கரையின் சொந்தப் பெயர். கொஞ்சம் கொஞ்சமாக வீடுகளும் பட்டறைகளும் எழுந்தன. வரைய ஓர் இடம், செய்ததை வைத்து விற்க ஓர் இடம், இரண்டையும் நிர்வகிக்க ஒரு சங்கம்.

அதில் அரசாங்கத்தின் பங்கோ, ஏதாவது பணக்காரப் புரவலரின் பங்கோ பெரிதாக இல்லை என்பதுதான் விசேஷம். ராஜா கொடுத்த மானியத்தில் கலை வளர்ந்த கதை நமக்கு நிறையத் தெரியும். இது மெழுகு உருக்கி, சாயம் காய்ச்சி, விற்று, சீட்டுப் பணம் சேர்க்கிற மாதிரி சேர்த்து வளர்ந்த கதை.

பணிக்கர் 1967-இல் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றார். 1977 ஜனவரியில் காலமாகும்வரை வரைந்துகொண்டே இருந்தார். அவர் மகன் நந்தகோபால் உலோகச் சிற்பங்களால் பேர் வாங்கினார், 2017-இல் மறைந்தார். சேனாதிபதி, கோபிநாத், ஹரிதாசன், ஜெயபால பணிக்கர், டக்ளஸ் என்று சோழமண்டலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர்களின் வரிசை நீளம். வாசுதேவ் பிற்பாடு பெங்களூருக்குப் போனார். விஸ்வநாதன் 1968-இல் பாரிஸ் போய் அங்கேயே தங்கினார். இந்தியாவில் ஓவியர்கள் கூடி வாழத் தொடங்கி நிலைத்து நின்ற குடியிருப்புகள் ரொம்பக் குறைவு. இது அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. 2009-இல் அங்கேயே மதராஸ் ஓவிய இயக்கத்துக்கு ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள்.

*

இதோட நிறுத்தியிருந்தால் தம்பிக்கு சந்தோஷமா இருந்திருக்கும். ஆனா பாதிக் கதை சொல்றது பொய் சொல்ற மாதிரி. அதனால் அவனிடம் ராமானுஜம் பற்றியும் சொன்னேன்.

கே. ராமானுஜம், 1941-இல் பிறந்தவர். பேச்சு சரியாக வராது. மனநோயும் இருந்தது. வெளி உலகம் அவரைப் பார்த்துச் சிரித்தது. பணிக்கர் அவரைப் பள்ளியிலும் சோழமண்டலத்திலும் அரவணைத்து வைத்துக்கொண்டார். ராமானுஜம் கறுப்பு மையில் நுணுக்கி நுணுக்கி வரைந்த படங்களைப் பார்க்கணும் நீங்க. கனவில் வருகிற அரண்மனைகள், பறக்கிற பாம்புகள், அலங்காரப் பெண்கள், அவர்களுக்கு நடுவே தொப்பி போட்ட ஒரு குட்டி மனிதர். அந்தத் தொப்பிக்காரர் அவரேதான். வெளியில் கிடைக்காத மரியாதையெல்லாம் காகிதத்துக்குள் அவருக்குக் கிடைத்தது.

1973-இல் அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். முப்பது வயதைத் தாண்டி ரெண்டு மூணு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை.

"கலைன்னா அப்படித்தான், கலைஞன்னா கஷ்டப்படணும்" என்று இதற்குப் புனுகு பூசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அது நோய், அதற்கு அந்தக் காலத்தில் கிடைத்த சிகிச்சை கொஞ்சம். நிலமும் சங்கமும் பாத்திக்கும் சாப்பாட்டுக்கு வழி செய்யும், வரையக் கூரை தரும். எல்லாக் காயத்துக்கும் மருந்தாகாது. இவ்வளவு யோசித்துக் கட்டிய ஓர் இடத்தாலும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அந்த இடம் இல்லாவிட்டால் இன்று நாம் பார்க்கிற அந்தப் படங்களும் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ரெண்டையும் சேர்த்தே சொல்லணும்.

தம்பி ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. உள்ளே சிற்பங்கள் வைத்திருக்கிற மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் கேட்டான், "அண்ணே, நீ ஏன் விட்டே?"

"சோத்துக்கு என்ன பண்றதுன்னு தெரியலைடா."

"யாரையாவது கேட்டியா?"

இல்லை. கேட்கலை. அதுதான் விஷயமே. அந்தக் கேள்வியை ஒரு முற்றுப்புள்ளி மாதிரி எடுத்துக்கிட்டேன். "சோத்துக்கு என்ன பண்ணுவே?"ன்னு யாராவது கேட்டா, "அதனால விட்டுடு"ன்னுதான் அர்த்தம்னு நினைச்சேன். தந்தி இலாகாவில் சம்பளம் வாங்கின பணிக்கருக்கு அது நிஜமான கேள்வியாகவே பட்டிருக்கிறது. நிஜமான கேள்விக்கு விடை தேடத்தானே வேண்டும்? நம்ம வேலையில தினமும் அதைத்தானே பண்றோம். ஒரு மாட்யூல் ஓடலைன்னா ப்ராஜெக்டையே மூடிட்டுப் போறதில்லை. எங்கே இடிக்குதுன்னு பார்ப்போம். சொந்த ஆசைன்னு வரும்போது மட்டும் முதல் எர்ரர் மெசேஜிலேயே பொட்டியை மூடிட்டேன்.

சந்தேகம் வரும். வந்தே தீரும். பணிக்கருக்கும் வராமலா இருந்திருக்கும்? சந்தேகத்தை தைரியத்தால் ஜெயிக்க முடியும்னு எனக்கு நம்பிக்கை இல்லை. தைரியம் ரெண்டு நாளில் ஆவியாகிடும். ஏற்பாடு நிக்கும். யாரோட சேர்ந்து இருக்கப் போறே, எதை வித்து சாப்பிடப் போறே, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உனக்கு மிச்சம். இந்த மூணுக்கும் விடை இருந்தா சந்தேகமும் ஓர் ஓரமா உட்கார்ந்திருக்கும், வேலையைக் கெடுக்காது.

*

அன்னிக்கு சாயங்காலம் ரூமுக்கு வந்து தம்பியும் நானும் ஒரு பேப்பர் எடுத்து உட்கார்ந்தோம். நாலு வருஷப் படிப்புக்கு ஃபீஸ், ஹாஸ்டல், வண்ணம், காகிதம், சாப்பாடு. படிக்கும்போதே செய்யக்கூடிய வேலைகள். முடிச்சதும் போகக்கூடிய இடங்கள்: அனிமேஷன், சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட், புத்தக அட்டை, துணி டிசைன், வாத்தியார் வேலை. பணிக்கர் காலத்தைவிட வாசல் நிறைய. ஒவ்வொண்ணுக்கும் எதிரே சொந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும்னு ஒரு காலம் போட்டோம். சில இடத்தில் பூஜ்யம்தான் வந்தது. அதையும் எழுதினோம்.

அப்புறம் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். எடுத்துச் சொல்லச் சொன்னாரே, எடுத்துச் சொன்னேன், ஆனா அவர்கிட்ட. முதல்ல பிடி கொடுக்கலை. அந்தக் காலேஜில் படிச்சவங்க யார் யாருன்னு கேட்டார். ஜூனியர் விகடனில் கி.ரா.வோட 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்குக் கோட்டோவியம் போட்டாரே ஆதிமூலம், அவர்னு சொன்னேன். கடைக்கு ஜூ.வி. வாங்கிப் போட்டவர்தான், ஞாபகம் இருக்குன்னார். தோட்டா தரணி பேரைச் சொல்லி, 'நாயகன்' படத்துக்கு செட் போட்டவர்னேன். "ஓ, அவரா"ன்னார். குரல் கொஞ்சம் இறங்கியது. அப்புறம் சோழமண்டலம் கதையைச் சொன்னேன். பாத்திக் வித்து நிலம் வாங்கின இடம் வந்ததும் மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்தது போன்லயே தெரிஞ்சது. வியாபாரி இல்லையா.

"வித்த காசுலயேவா வாங்கினாங்க?"

"அதோட கைக்காசும் போட்டாங்க சித்தப்பா."

"ம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கல்லா டிராயர் திறக்கிற சத்தம் கேட்டது. பேனா தேடியிருப்பார்.

"சரி, அந்த ஹாஸ்டலுக்கு மாசம் எவ்வளவு ஆவும்னு சொல்லு."

சம்மதம்னு இன்னும் சொல்லலை. சித்தி வேற பாக்கி இருக்காங்க. நுழைவுத் தேர்வு வேற இருக்கு. ஆனா "ஏன்"ல இருந்து "எவ்வளவு"க்கு வந்துட்டார். எனக்கு அது போதும்.

டிஸ்கி 1: இஞ்சம்பாக்கம் பக்கம் போனா ஒரு மணி நேரம் ஒதுக்கி உள்ளே போய்ப் பாருங்க. மாமல்லபுரம் எங்கேயும் ஓடிடாது.

டிஸ்கி 2: நேத்து ராத்திரி ஒரு 2பி பென்சில் வாங்கினேன். தவளை வரைஞ்சு பார்த்தேன். ஜீரண மண்டலம் இன்னும் மறக்கலை, ஆனா கோடு நடுங்குது. ஆறு மாசம் கழிச்சுச் சொல்றேன்.

உங்க வீட்டுல இந்தக் கேள்வி எப்போ வந்தது, எப்படி முடிஞ்சதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.